மருமக்கள்வழிக் கதையில் மகனின் கோபம் ஏன் ஒட்டவில்லை

அப்பாவை வில்லனாக்கியதுதான் சிக்கல். 1920 வாக்கில் நாகர்கோவில் பக்கம் நடக்கும் கதை, மகன் அப்பாவை வெறுப்பது ஏன் நம்பும்படி இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைப் பாசமுள்ளவராக மாற்றுங்கள், கோபம் தானாக நிற்கும்.

நீங்கள் இன்றைய அப்பா மகன் சண்டையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மருமக்கள்வழிக் குடும்பத்தில் காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், சொத்து அவருடைய சகோதரி மகனான மருமகனுக்கு. மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்குதான். மகன் வளர்வதோ அப்பா வீட்டில். அறுவடை முடிந்து, நெல் சேர்த்துவைக்கும் பத்தாயத்தின் சாவி மருமகன் இடுப்புக்குப் போகிறது. வயலில் கூடவே நின்ற மகன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றிரவு அப்பா யாருக்கும் தெரியாமல் அடுக்களைக்கு ஒரு மரக்கால் நெல் கொடுத்துவிடுகிறார். அந்த ஒரு மரக்கால்தான் அவனை அதிகம் எரிக்கும். கொடுக்க மனமிருந்தும் ஒளித்துத்தானே கொடுக்க முடிகிறது!

சரிபார்க்க: மகனின் வசனங்களை முழுக்க அடித்துவிட்டுப் படியுங்கள். சாவி, நெல், சாப்பாட்டு வரிசை இவற்றிலேயே கோபம் தெரிய வேண்டும். இந்த முறையைப் பற்றிய கவிமணியின் கவிதை நூலான மருமக்கள்வழி மான்மியத்தையும் பாருங்கள். அதில் பேசுபவள் காரணவரின் ஐந்தாவது மனைவி.

ஒன்று கவனம். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. கதை அதைத் தாண்டினால் மகனின் சொத்துரிமை நிலையே வேறு. அந்தப் பக்கத்து எல்லாக் குடும்பங்களும் மருமக்கள்வழியும் அல்ல. எந்தக் குடும்பம் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.