டோம்ப்ரோவ்ஸ்கியின் பிட்சர் கணக்கு

அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸில் வீரர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த டேவ் டோம்ப்ரோவ்ஸ்கி, பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசுபவர்களுக்கு, கொட்டியதெல்லாம் தண்டம், டேவிட் பிரைஸ், கிறிஸ் சேல் என்ற இரு பிட்சர்களுமே சாட்சி என்று நண்பர் சொல்கிறார், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சேல் விஷயத்தில் நண்பர் இரண்டு முடிவுகளைப் போட்டுக் குழப்புகிறார்.

2016 டிசம்பரில் மொன்காடா, கோபெக் உட்பட நான்கு இளம் வீரர்களைக் கொடுத்து வேறு அணியிலிருந்து சேலை வாங்கியது ஒன்று. விலை அதிகம்தான். ஆனால் 2017இல் 308 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை அடிக்கவிடாமல் அவுட்டாக்குவது). சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில், 2018இல் கடைசிப் பந்தில் எதிரணி பேட்டர் மச்சாடோவை மண்டியிட வைத்து அவுட்டாக்கியதும் அவர்தான். அப்போது அவர் தரத்துக்குச் சம்பளமும் குறைவு. 2019 மார்ச்சில் போட்ட 14.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு வேறு கதை. முந்தைய கோடையிலேயே தோள் தொந்தரவு, பழைய ஒப்பந்தத்திலோ இன்னும் ஒரு சீசன் பாக்கி. பொறுத்திருக்கலாம். அடுத்த மார்ச்சில் முழங்கை அறுவை சிகிச்சை. அதைத் தாராளமாகத் திட்டலாம்.

பிரைஸின் 21.7 கோடி டாலர் ஒப்பந்தம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அந்த 2018 உலகத் தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தார். சாம்பியன் பட்டத்துக்காகத்தானே அந்தக் காசு?

அப்புறம், நண்பர் விட்டுவிட்ட ஒன்று: தார்ன்பர்க் என்ற பிட்சர். இவருக்காக டிராவிஸ் ஷா என்ற பேட்டரை மில்வாக்கி அணிக்கு அனுப்பினார்கள். 2017 முழுக்க தார்ன்பர்க் ஒரு பந்துகூட வீசவில்லை; ஷா அங்கே 31 ஹோம்ரன் அடித்தார். நானாக இருந்தால் முதலில் இதைத்தான் எடுத்துப் போட்டிருப்பேன்.