2008 ஆம் ஆண்டு ஷாம்பெய்னில் குமிழிகள் குறைந்திருப்பது

நுவரெலியாவில் நீங்கள் திறந்த, தம் திராட்சையில் தாமே வைன் செய்யும் சிறு தோட்டக்காரரின் 2008 ஷாம்பெய்னில் குமிழிகள் தணிந்து, வாட்டிய பாணும் பாதாமும் மணக்கின்றன என்பதால் அது கெட்டுவிட்டதாகாது. அது முதிர்ச்சியின் இயல்பு, தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்.

இளம் போத்தலில் ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். தக்கை வழியே வாயு மெல்லக் கசிவதால் அது ஆண்டுதோறும் குறையும். பின்புற லேபிளில் கசடு நீக்கிய நாளை, அதாவது போத்தலில் படிந்த ஈஸ்ட் கசடை அகற்றி இறுதித் தக்கையை அடைத்த நாளை, தேடுங்கள். சிறு உற்பத்தியாளர் பலர் அதை அச்சிடுகிறார்கள், மிக நல்ல வழக்கம். அது பல ஆண்டுகளுக்கு முந்தையதாயின், காரணம் பெரும்பாலும் அதுவே.

ஆனால் முதலில் கிளாசைச் சோதியுங்கள். சவர்க்காரப் படலம் குமிழிகளை அடக்கிவிடுமாதலால், வெந்நீரில் மட்டும் அலசிக் காயவைத்த, வாய் சற்றுக் குறுகிய வைன் கிளாசில் ஊற்றி, 10 முதல் 12 பாகை செல்சியஸில், கால் மணி நேரம் காற்றுப்பட விட்டுச் சுவையுங்கள். உங்கள் ஊர் இரவுக் குளிரில் அது விரைந்து சூடேறாது என்பது பெரும் வசதி. 2008 இற்குப் பெயர் தந்த கூரிய புளிப்பு நாவில் நிமிர்ந்து நின்று, அதன் பின்னால் தேனும் எலுமிச்சைத் தோலும் எழுந்தால், வைன் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

ஈரமான கடதாசி அட்டையின் வாடை வந்தால் மட்டும் அது தக்கையின் குறை. எவ்வளவு நேரம் காற்றுப்பட வைத்தாலும் அது நீங்காது.