பட்டோங்கில் இரவுச் சாப்பாடு: ஏஜெண்ட் கூப்பன் வாங்கலாமா?

கேள்வி: டிசம்பர் 22 முதல் 27 வரை, ஐந்து இரவுகள், தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறோம். பட்டோங் கடற்கரையில் ஹோட்டல். நான், கணவர், 14 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் மாமியார். எங்கள் நால்வருக்கும் மீன், இறால் என்றால் உயிர். மாமியார் சுத்த சைவம், முட்டை பட்ட கரண்டிகூட ஆகாது. ஐந்து இரவுக்கும் 'இந்தியன் டின்னர் கூப்பன்' வாங்கிவிடுங்கள், தலைக்கு ஓர் இரவுக்கு 900 ரூபாய், வெளியே சாப்பிட்டால் மொட்டை அடித்துவிடுவார்கள் என்கிறார் டிராவல் ஏஜெண்ட். போன வருடம் போய்வந்த என் தம்பி ஒரே ஒரு லாப்ஸ்டருக்கு 6,000 பாட் கட்டிவிட்டு வந்தான். அதனால் எங்களுக்கும் பயம்தான். கூப்பன் வாங்கிவிடலாமா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: ஐந்து இரவுக்கும் வாங்காதீர்கள். போய் இறங்கும் முதல் இரவுக்கு மட்டும் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் களைப்பில் மாமியாரை வைத்துக்கொண்டு கடை தேடி அலைய வேண்டாம், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர், ஐந்து இரவு, தலைக்கு 900 என்றால் 22,500 ரூபாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் முழு விலை போட்டிருக்கிறார், கவனித்தீர்களா? இந்தக் கூப்பனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான பஃபே. பருப்பு, பனீர், ஒரு சிக்கன் குழம்பு, நான். மீன் சாப்பிட ஆசைப்பட்டுக் கடல் தாண்டிப் போகிற நால்வர் தினமும் பனீரை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டும். போகாத இரவுக்குப் பணம் திரும்பி வராது. பட்டோங்கில் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமே இல்லை. பங்க்ளா சாலையைச் சுற்றி நடந்தாலே நாலைந்து கண்ணில் படும். அங்கே வாசலில் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். அதே கடைக்கு ஏஜெண்ட் வழியாக முன்பணம் கட்டிப் போனால், நடுவில் இருப்பவர்களின் பங்கும் உங்கள் தட்டிலிருந்துதான் போகும்.

இன்னொரு விஷயம் உங்கள் ஏஜெண்ட் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் தங்கும் நாட்களில் டிசம்பர் 24 வருகிறது. புக்கெட்டின் பல ஹோட்டல்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவும் டிசம்பர் 31 இரவும் 'கட்டாய காலா டின்னர்', அதாவது பண்டிகை விருந்து, உண்டு. விருப்பம் இருந்தால் வாருங்கள் என்ற பேச்சே கிடையாது. அந்த இரவு அறையில் தங்கும் ஒவ்வொருவருக்கும் கட்டணம் உண்டு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அறை வாடகையோடு சேர்த்துக் காட்டாமல், முன்பதிவு நிபந்தனைகளில் எங்கோ ஒரு மூலையில் இந்த வரி இருக்கும். உங்கள் ஹோட்டலில் இது இருந்தால், 24ஆம் தேதி இரவுக்குக் கூப்பனுக்கும் பணம் கட்டி, காலாவுக்கும் பணம் கட்டுவீர்கள். ஒரே வயிறு, இரண்டு பில். தன் வாடிக்கையாளர் எந்தத் தேதியில் போகிறார் என்று தெரிந்தே ஐந்து கூப்பன் விற்கிற ஆளை நம்பித்தான் நாம் குடும்பத்தோடு விமானம் ஏறுகிறோம். ஒரு மேஜையும் விசிட்டிங் கார்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் டூர் ஏஜெண்ட் ஆகிவிடுகிற நாட்டில் வேறு என்ன எதிர்பார்ப்பது?

சரி, தம்பியின் லாப்ஸ்டருக்கு வருவோம். அவரை யாரும் சட்டப்படி ஏமாற்றவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கடற்கரைச் சாலையில் பனிக்கட்டி மேல் மீன்களை அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் பலகை இருக்கும். அதில் 340 என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் '100 கிராமுக்கு' என்று இருக்கும். நம்மூர்க் கண்ணுக்கு மீன் விலை என்றாலே கிலோ விலைதான், இல்லாவிட்டால் ஒரு பிளேட் விலை. நூறு கிராம் என்று ஒன்று இருப்பதே தோன்றாது. ஒன்றரைக் கிலோ லாப்ஸ்டர் என்றால் 5,100 பாட் ஆகிவிட்டது. அதன் மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 5,610. அந்தத் தொகையின் மேல் ஏழு சதவீதம் வாட் வரி, 6,003. உங்கள் தம்பி சொன்ன கணக்கு வந்துவிட்டதா? பலகையில் நான் வைத்துக்கொண்ட எண் சற்று முன்பின் இருக்கலாம், வழி இதுதான்.

விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று தாய்லாந்தில் சட்டம் இருக்கிறது. கடைக்காரரும் காட்டித்தான் வைத்திருக்கிறார். எந்த அளவு எழுத்தில் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதிகாரி வந்து பார்த்தால் பலகை இருக்கும், அவர் நிம்மதியாகப் போய்விடுவார்.

மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதாவது '500++' என்று இருந்தால், மேலே சொன்ன இரண்டும் அப்புறம் ஏறும் என்று அர்த்தம். மொத்தத்தில் விலை 17.7 சதவீதம் கூடும். மனக்கணக்குக்கு, போட்டிருக்கும் விலையோடு ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் சேர்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியிலும் சந்தைக் கடையிலும் இந்தத் தொல்லை இல்லை, எழுதியிருப்பதுதான் விலை. சர்வீஸ் சார்ஜ் பில்லில் ஏறிவிட்ட இடத்தில் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மீன் வாங்குவதானால் இப்படிச் செய்யுங்கள். நீங்களே மீனைக் காட்டுங்கள். கூடையோடு நிறுக்காமல், தண்ணீர் வடிந்த பிறகு, தராசு பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்து நிறுக்கச் சொல்லுங்கள். பிறகு 'நூறு கிராம் எவ்வளவு' என்று கேட்காமல் 'இந்த ஒரு மீனுக்கு, சமைத்து, எல்லாம் சேர்த்து எவ்வளவு' என்று கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள், அல்லது கால்குலேட்டரில் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மெனுவில் விலைக்குப் பதில் 'மார்க்கெட் விலை' என்று இருந்தாலும் இதே மருந்துதான்.

ஜங்சிலோன் மாலுக்குப் பின்புறம் பன்ஸான் சந்தை இருக்கிறது. தரைத்தளத்தில் மீன், இறால், நண்டு விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனால் சமைத்துத் தருவார்கள், எடைக்கு இவ்வளவு என்று சமையல் கூலி. கூலியையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மாமியாரை அங்கே அழைத்துப் போகாதீர்கள், மீன் வாடை குமட்டிவிடும். மதியம் அவர் அறையில் ஓய்வெடுக்கும் நேரத்தில் நீங்கள் நால்வர் போய்வரலாம், இல்லாவிட்டால் இரண்டிரண்டு பேராக முறைவைத்துப் போகலாம். தீவின் தென்கோடியில் உள்ள ராவாய் மீன் சந்தைக்குப் போகச் சொல்லிச் சிலர் ஆசை காட்டுவார்கள். நல்ல இடம்தான். ஆனால் பட்டோங்கிலிருந்து போய்வரும் கார் வாடகை, மீனில் மிச்சம் பிடிப்பதை விழுங்கிவிடும்.

வண்டி என்றதும் நினைவுக்கு வருவது டுக்டுக். நம்மூர் ஆட்டோ போல இருக்காது, நான்கு சக்கரச் சின்ன வேன், பெரும்பாலும் சிவப்பு. மீட்டர் கிடையாது. "எனக்குத் தெரிந்த நல்ல சீஃபுட் கடை இருக்கிறது, கட்டணமே வேண்டாம்" என்று ஓட்டுநர் சொன்னால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். அவருக்குக் கட்டணம் கடையிலிருந்து வருகிறது, கடைக்கு உங்களிடமிருந்து வருகிறது. விமான நிலையத்திலிருந்து பலர் சேர்ந்து வரும் மினிவேன்களில் இன்னொரு கூத்து: பாதி வழியில் ஏதோ ஓர் அலுவலகத்தின் முன்னால் நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொல்வார்கள். ஹோட்டல் பெயரைக் கேட்பது போல ஆரம்பித்து, டின்னர் ஷோவும் தீவுச் சுற்றுலாவும் விற்பார்கள். ஹோட்டல் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள். கிராப், போல்ட் என்ற வாடகை வண்டிச் செயலிகள் இரண்டும் அங்கே வேலை செய்கின்றன, ஏறும் முன்பே கட்டணம் தெரிந்துவிடும்.

பங்க்ளா சாலை மாலையானால் வாகனங்களுக்கு மூடப்பட்டு நடைபாதை ஆகிவிடும். அங்கே பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை நீட்டிக்கொண்டு ஆட்கள் பின்னாலேயே வருவார்கள். எல்லாமே சாப்பாட்டு மெனு என்று நினைத்து மாமியார் முன்னால் வாங்கிப் படித்துவிடாதீர்கள். பிள்ளைகளோடு போனால் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது.

இப்போது மாமியார் விஷயம். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

தாய் மொழியில் சைவத்துக்கு இரண்டு சொற்கள். ஒன்று 'மங்சவிரத்'. காதில் விழும்போதே நமக்குப் புரிகிற சொல், மாம்ச விரதிதான் அது. கேட்டதும் நம் ஆட்கள் மகிழ்ந்துபோய் அதையே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதில் முட்டை வரலாம். மீன் சாஸும் வந்துவிடும், ஏனென்றால் பல சமையல்காரர்களுக்கு மீன் சாஸ் என்பது நமக்கு உப்பு மாதிரி, அதைப் புலால் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காய்கறி வதக்கலில் சிப்பி சாஸ், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் என்று வந்துகொண்டே இருக்கும். 'வெஜிடேரியன்' என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் கதை இதேதான்.

இன்னொரு சொல் 'ஜே'. சீன வழிச் சைவம் இது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல்லை எழுதியிருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்ற எண் போலத் தெரியும். அந்தக் கொடி பறக்கும் கடையில் மாமியாரைத் தைரியமாக உட்கார வைக்கலாம். புக்கெட்டில் இந்த உணவுக்கு வேர் ஆழமானது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபர் வாக்கில், ஒன்பது நாள் சைவத் திருவிழாவே நடக்கிறது. தீவு முழுக்க மஞ்சள் கொடியாக இருக்கும். நீங்கள் போவது டிசம்பரில் என்பதால் அந்த வசதி இல்லை. கொடி உள்ள கடைகள் பட்டோங்கைவிடப் புக்கெட் டவுனில் எளிதாகக் கிடைக்கும். டவுன் மலைக்கு அந்தப் பக்கம், பதினைந்து கிலோமீட்டர் சுமார். யுனெஸ்கோ 2015இல் உணவுக் கலைக்கான நகரமாக அறிவித்த ஊர் அது. ஒரு பகல் போய்வாருங்கள். உங்கள் நாட்களுக்குள் ஞாயிறு வந்தால் தலாங் சாலையில் மாலைச் சந்தையும் உண்டு.

ஜே என்றால் பாலும் இல்லை என்று சொன்னேன். அதாவது தயிர் சாதத்துக்கு வழியில்லை. செவன் லெவன் கடைகளில் தயிர்க் கோப்பை கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் சர்க்கரை போட்டது. சிலவற்றில் ஜெலட்டினும் சேர்த்திருப்பார்கள், அது விலங்கிலிருந்து எடுப்பது. பின்பக்க அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மாமியாருக்குப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கொண்டால் வெறுஞ்சோறு எங்கேயும் கிடைக்கும். அரிசிக் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள். அறையில் சமைக்கப் பெரும்பாலான ஹோட்டல்களில் அனுமதி கிடையாது.

மாமியாருக்குக் கடையில் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். 'கின் ஜே', ஜே சாப்பிடுகிறவர். 'மாய் சாய் நாம் ப்லா', மீன் சாஸ் போடாதீர்கள். நம் வாயில் வரும் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாமல் போகலாம். எனவே தாய் எழுத்தில் இவற்றைப் போனில் படமாக வைத்துக் காட்டுங்கள். மாமியாருக்கு இரவில் எதுவும் சரிவரவில்லை என்றால் இந்தியக் கடை எப்படியும் பக்கத்தில்தான் இருக்கிறது.

பணம் கொடுக்கும்போது கார்டு இயந்திரம் ரூபாயா பாட்டா என்று கேட்டால், எப்போதும் பாட். ரூபாயைத் தொட்டால் மாற்று விலையில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். ஏடிஎம்மும் இதையே வேறு மாதிரி கேட்கும், 'கன்வர்ஷன் வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். சில கடைகள் கார்டுக்கு மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்கும், உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் தகராறு வந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தத் தொடங்கினாலே பல கடைகளில் பில் திருந்திவிடும். ஆனால் கையில் எழுதி வாங்கிய விலையோ போட்டோவோ இல்லாமல் போலீஸ் வந்தும் பயனில்லை, பலகைதான் இருக்கிறதே.

ஏஜெண்ட் 'தாய்லாந்து வருகை அட்டைக்கு' என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2025 மே 1 முதல் அது இணையத்தில் நிரப்பும் படிவம், அரசுத் தளத்தில் இலவசம், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். உங்கள் பதினான்கு வயதுப் பிள்ளையே நிரப்பிவிடும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏஜெண்ட்டிடம் பேசும் முன், ஹோட்டலுக்கு நீங்களே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: டிசம்பர் 24 இரவு கட்டாய காலா டின்னர் உண்டா, பெரியவருக்கு எவ்வளவு, 14 வயதுக்கும் 9 வயதுக்கும் எவ்வளவு, சுத்த சைவருக்கு அங்கே என்ன கிடைக்கும், நாங்கள் கட்டிய தொகையில் அது சேர்ந்திருக்கிறதா. பதில் எழுத்தில் வரட்டும். அதன் பிறகு ஏஜெண்ட்டுக்குப் போன் செய்து, முதல் இரவுக்கு ஐந்து கூப்பன், சின்னப் பிள்ளைக்கு அரை விலை என்று கேட்டுப் பாருங்கள்.