வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடச் சொல்றாங்க அக்கா

அக்கா வணக்கம். சொந்த ஊர் மதுரைப் பக்கம், தென்னாப்பிரிக்காவுக்கு, ஜோபர்க் வந்து ஆறு வருஷம் ஆச்சு, மிட்ராண்ட்ல ஐடி வேல. டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல ஒரு டூப்ளெக்ஸ் பாத்திருக்கேன், வாங்கி வாடகைக்கு விடலாம்னு. விலை 8.9 லட்சம் ரேண்ட். முன் வீட்டுக்கு 7,000, பின்னாடி கட்டியிருக்க அவுட்பில்டிங்குக்கு 4,000 வாடகை வருதுன்னு ஏஜென்ட் சொல்றார். வாட்ஸப் வீடியோல பாத்தேன், பெயின்ட் எல்லாம் புதுசு. சொத்துப் பதிவு ஆபீஸ்ல (டீட்ஸ் ஆபீஸ்) சர்ச் எடுத்தாச்சு, ஓனர் பேர் சரியா இருக்கு, வில்லங்கம் ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆஃபர்ல கையெழுத்து போடலன்னா வேற ஆளுக்குப் போயிடும்ங்கறாங்க. ஊர்ல அட்வான்ஸ் குடுக்கற மாதிரிதானே, பின்னாடி வேணாம்னா விட்டுடலாம்ல? இன்னும் என்னென்ன பாக்கணும்?
எஸ்., மிட்ராண்ட்

தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். விட முடியாது. இங்க அந்த ஆஃபர் பேப்பர்ல நீங்க கையெழுத்து போட்டு, விக்கிறவரும் போட்டுட்டா அதுதான் ஒப்பந்தமே, அதுக்கப்புறம் வேணாம்னா நஷ்டஈடு கேப்பாங்க. அஞ்சு நாளுக்குள்ள மனசு மாறலாம்னு சட்டத்துல ஒரு எடம் இருக்கு, ஆனா அது 2,50,000 ரேண்டுக்கு மேல போகாத சொத்துக்குத்தான், உங்களுக்கு உதவாது. அதனால பாக்க வேண்டியத எல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி பாத்துடணும், இல்ல "இதெல்லாம் சரியா இருந்தாத்தான் வாங்குவேன்"னு ஆஃபர்லயே கண்டிஷனா எழுதிடணும்.

டீட்ஸ் சர்ச் எடுத்தீங்கல்ல, ரொம்ப நல்லது. வீடு யாருது, வீட்டு மேல பேங்க் பாண்ட், அதாவது வீட்டுக் கடன், இருக்கா, கோர்ட் தடை இருக்கான்னு அது சொல்லிடும். ஆனா அந்தப் பின் கட்டடத்தப் பத்தி அதுல ஒரு வார்த்தை இருக்காது தம்பி, உங்க கணக்கு மொத்தமும் அந்தக் கட்டடத்து மேலதான் நிக்குது. போட்டுப் பாருங்க, முழுசும் பாண்ட்ல வாங்கினா, வட்டி 10 சதவீதம்னு வெச்சாலே 20 வருஷத்துக்கு மாசம் 8,600 பக்கம் கட்டணும். 11,000 வந்தா மேல கொஞ்சம் நிக்கும், அந்த 4,000 நின்னுபோச்சுன்னா ரேட்ஸ்ங்கற வீட்டு வரி, தண்ணி, இன்சூரன்ஸ் எதையும் தொடறதுக்கு முன்னாடியே மாசம் 1,600 உங்க சம்பளத்துலருந்து போகும்.

சாட்ஸ்வொர்த் 1960கள்ல, இனவெறி ஆட்சில ஆளுங்கள இனம் பாத்துப் பிரிச்சு வெச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்த வெச்சு கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் மாதிரி எடங்கள்லருந்து நம்ம ஜனங்களக் கிளப்பிக் கொண்டுவந்து போட்ட ஊரு. குடுத்தது சின்னச் சின்ன வீடு. புள்ளைங்க வளந்து கல்யாணம் ஆகி, எடம் பத்தாம பின்னாடி ஒரு ரூம், அப்புறம் ஒரு கிச்சன்னு கையில காசு இருந்தப்பல்லாம் கட்டிக்கிட்டாங்க. ஏமாத்தணும்னு யாரும் கட்டல, ஆனா பல பேர் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கல. அதனால டர்பனோட எத்தெக்வினி முனிசிபாலிட்டி அப்ரூவ் பண்ண பிளான் காப்பி கேளுங்க, தரையில இருக்கறதும் பிளான்ல இருக்கறதும் ஒண்ணான்னு ஒத்துப் பாருங்க. பிளான் இல்லாத கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கிளைம் மறுக்கலாம், முனிசிபாலிட்டி நோட்டீஸ் விடலாம். விக்கிறவர் மேல கேஸ் போடலாம்னு நெனச்சீங்கன்னா, இங்க பழைய வீட்டு ஒப்பந்தத்துல பெரும்பாலும் 'ஃபுட்ஸ்டூட்ஸ்'னு ஒரு வரி இருக்கும், இருக்கறபடியே வாங்கிக்கிறேன்னு அர்த்தம். பிளான் அப்ரூவல் இல்லாததும் அந்த வரிக்குள்ள அடங்கும்னு 2008ல அப்பீல் கோர்ட்டே சொல்லிடுச்சு, தெரிஞ்சே மறச்சு ஏமாத்தினாருன்னு நீங்க நிரூபிச்சாத்தான் உண்டு. 2022 பிப்ரவரிலருந்து விக்கிறவர் வீட்டோட குறைகள எழுதி கையெழுத்து போட்ட டிஸ்க்ளோஷர் ஃபார்ம் இல்லாம ஏஜென்ட் அந்த வீட்ட விக்க எடுக்கவே கூடாது, அத இன்னிக்கே கேட்டு வாங்குங்க.

அப்புறம் உள்ள இருக்கற ஆளுங்க. வாடகை ஒப்பந்தம் ஓடிட்டிருந்தா வீட்டோட சேந்து அதுவும் உங்களுக்கு வந்துடும், ஓனர் மாறினதால குடியிருக்கறவர எழுப்ப முடியாது. ஒப்பந்தம் முடிஞ்சாலும் 1998 சட்டப்படி கோர்ட் ஆர்டர் இல்லாம யாரையும் வெளிய அனுப்ப முடியாது, இந்த நாட்டு வரலாறு தெரிஞ்சவங்களுக்கு அது ஏன்னு புரியும், அது இருக்க வேண்டிய சட்டம்தான். நான் மொத வீடு வாங்கினப்ப "நல்ல டெனன்ட், கரெக்டா குடுத்துருவாங்க"ன்னு ஏஜென்ட் சொன்ன ஒத்த வார்த்தைய நம்பிட்டேன். ஏழு மாசம் ஒரு காசு வரல. அவங்க எனக்கு முந்தின ஓனருக்கும் குடுக்காமத்தான் இருந்திருக்காங்க, பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டிருந்தா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நீங்க லீஸ் பேப்பர், டெபாசிட் யார் கையில இருக்கு, கடைசி ஆறு மாச வாடகை வந்த ஸ்டேட்மென்ட், முனிசிபல் பில், எல்லாத்தையும் கேளுங்க.

புது பெயின்ட்டுன்னு சொன்னீங்களே, எனக்கு அதுதான் உறுத்துது. போன வருஷம் ஒரு தங்கச்சிக்காக அதே ஏரியால ஒரு வீடு பாக்கப் போனேன், ரூமெல்லாம் புது வெள்ளை, பின் ரூம் சுவத்துல மட்டும் தரையிலருந்து மூணடி உயரத்துக்கு நிறம் லேசா வேற. கைய வெச்சேன், சில்லுன்னு இருந்துச்சு, நகத்தால சொரண்டினா பெயின்ட்டுக்கு அடியில உப்பு பொடிப்பொடியா கொட்டுது. வெளிய வந்தா சுவத்த ஒட்டியே செம்மண் மேடு, தடுப்புச் சுவர்ல மேலருந்து கீழ வரைக்கும் வெடிப்பு. பக்கத்து வீட்டு ஆயா துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க, பேச்சு குடுத்தேன், மழை வந்தா எப்படிம்மான்னு. மழை வந்தாலே அந்தப் பின்னாடி மேன்ஹோல் பொங்கிடும், அந்த ரூமு புள்ளைங்க கட்டில் மேல ஏறி உக்காந்துக்கும்னாங்க. நாங்க அந்த வீட்ட வாங்கல. 2022 ஏப்ரல் மழைல இந்தப் பக்கமெல்லாம் 400 பேருக்கு மேல செத்துப்போன ஊர் தம்பி இது, சரிவுல இருக்கற வீட்ட வீடியோல பாத்து வாங்காதீங்க.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். எலக்ட்ரிக்கல் சர்டிஃபிகேட் பின் கட்டடத்து வயரிங்கையும் சேத்துதான் குடுத்திருக்கான்னு பாருங்க. ஏஜென்ட்டுக்கு ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட், அதாவது தொழில் பண்ற லைசென்ஸ் மாதிரி, இருக்கான்னு கேளுங்க, இல்லாதவருக்கு கமிஷன் கேக்கவே உரிமை இல்ல. டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது சொத்து பேர் மாத்தறதுக்கான வரி, உங்களுக்கு வராது, 2025 ஏப்ரல்லருந்து 12,10,000 ரேண்ட் வரைக்கும் கிடையாது, வக்கீல் செலவு மட்டும் தனி. பணம் கட்டறதுக்கு முன்னாடி, இமெயில்ல வந்த அக்கவுண்ட் நம்பர நம்பாம வக்கீல் ஆபீஸ் நம்பர நீங்களே தேடி எடுத்து ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்க. இமெயில ஹேக் பண்ணி அக்கவுண்ட் நம்பர மாத்தி வெச்சதுல ஒரு அம்மா 55 லட்சம் ரேண்ட் இழந்தாங்க, 2024ல அப்பீல் கோர்ட்லயும் அவங்க பக்கம் தீர்ப்பு வரல.

வெள்ளிக்கிழமைன்னு அவசரப்படுத்தறவர்கிட்ட, பிளான், லீஸ், டிஸ்க்ளோஷர் ஃபார்ம் மூணும் அனுப்புங்க, அன்னிக்கே பதில் சொல்றேன்னு மட்டும் எழுதுங்க. அனுப்பினார்னா சனிக்கிழமை டர்பனுக்கு கிளம்பி வாங்க, நான் கூட வரேன், முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா இன்னும் நல்லது.

அன்புடன்
அக்கா