தண்டவாளத்தை ஒட்டிவிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு மூன்றேகால் வயதாகிறது. சென்ற மாதம் அவனுக்கு மர ரயில் செட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வளைந்த தண்டவாளங்கள் எட்டு, நேரானவை ஆறு, ஒரு பாலம், காந்தத்தால் இணையும் நான்கு பெட்டிகள் என அதில் இருந்தன. அட்டையிலுள்ள படத்தைப் பார்த்து நாங்கள் தினமும் பாதை அமைத்துக் கொடுக்கிறோம். பத்தே நிமிடத்தில் அவன் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தபடி ஒரே ஒரு பெட்டியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கிறான். தண்டவாளத்தை ஒரு பிளைவுட் பலகையில் ஒட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். பேட்டரி ரயிலாக வாங்கியிருக்கலாம் என்பது மாமனாரின் கருத்து. இந்த விளையாட்டால் குழந்தையின் வளர்ச்சிக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

தண்டவாளத்தை ஒட்டிவிட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஒட்டிய பிறகு உங்கள் மகனிடம் மிஞ்சுவது நான்கு பெட்டிகள் மட்டுமே. அந்த விளையாட்டுப் பொருளின் பெரும்பகுதி தண்டவாளத்தில்தான் இருக்கிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த பிரியோ நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் மர ரயிலைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் செட்டுகளில் பெரும்பாலானவை அதே அமைப்பைப் பின்பற்றுபவை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் அது அமரும் குழியும் இருக்கும். குமிழுக்கு நேராகக் குமிழை வைத்தால் சேராது. துண்டைத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கையும் கண்ணும் சேர்ந்து கண்டுபிடிக்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் குழந்தை வேலை செய்கிறது. காந்தமும் அப்படித்தான். ஒட்டாமல் விலகி ஓடும் பெட்டியைத் திருப்பி வைத்தால் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவன் ஒருநாள் தெரிந்துகொள்வான்.

என் பேத்திக்கு நான்கு வயது நடந்தபோது வளைந்த துண்டுகளில் ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது. எட்டுத் துண்டுகள் சேர்ந்தால்தான் வட்டம் மூடும். ஒவ்வொன்றும் 45 பாகை. ஏழை வைத்துவிட்டு, மிச்சமிருந்த இடைவெளியில் அவள் நேரான துண்டு ஒன்றைச் செருகப் பார்த்தாள்; முனைகள் பொருந்தவில்லை. இருபுறமும் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பக்க இணைப்பு கழன்றது. எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று என் கை துடித்தது; எப்படியோ அடக்கிக்கொண்டேன். சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவள், ஒரு துண்டைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய துண்டு அது, ஆகவே வளைவு எதிர்த்திசைக்குத் திரும்பியது. அதன்பின் அவள் வட்டத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. பாதை பாம்புபோல் நெளிந்து அடுக்களை வாசல்படி வரை போய் நின்றது. "அரிசி மூட்டை ஏத்த வந்திருக்கு" என்று அறிவித்தாள். நான் துண்டை எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு வட்டம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் மகன் பிரித்துப் போடுவதையும் குறையாக எண்ண வேண்டாம். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கத் தொடங்கிய ஃபிரடெரிக் ஃபுரோபெல், அவற்றுள் ஒன்றை எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரமாகவே அமைத்தார். முழுமையான பொருளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை சேர்க்கத் தொடங்குகிறது. உங்கள் மகனுக்கு நீங்கள் தினமும் தருவது முடிந்துபோன வேலை. அதில் அவன் செய்வதற்கு மிஞ்சியிருப்பது பிரிப்பது ஒன்றுதான்.

கன்னத்தைத் தரையில் வைத்துப் படுப்பது ரயிலை ரயிலின் உயரத்திலிருந்து பார்ப்பதற்காக. அங்கிருந்து பார்க்கையில் அந்த விரல் நீளப் பெட்டி மெய்யான ரயிலாகிவிடுகிறது. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், கண்ட பொருளை விரல் நீட்டி உங்களிடம் காட்டாமல், சிறு சிறு வாக்கியங்களாகவும் பேசாமல் சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையாக இருந்தால், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் இல்லை.

பேட்டரி ரயில் தானே ஓடும். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையால் தள்ளும் ரயிலுக்கு ஓட்டமும் ஓசையும் குழந்தையே தர வேண்டும். மொழி வளர்வது அந்த இடத்தில்தான். "இது என்ன நிறம், எத்தனை பெட்டி" என்று தேர்வு நடத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "பெட்டி பாலத்துக்கு அடியில் போய்விட்டதே", "எதிரே இன்னொரு ரயில் வருகிறதே" என்று அவன் செய்வதையே சொல்லி வாருங்கள். அடியில், மேலே, எதிரே, பின்னால் என்ற சொற்கள் அவன் கண்முன் நடக்கும் காரியத்தோடு சேர்ந்தே காதில் விழும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பெட்டிகளிலுள்ள காந்தங்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கும் குடற்சுவரைத் துளைத்துவிடக்கூடும். தளர்ந்த பெட்டியை அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.

உங்கள் கணவர் சொன்ன பலகை வீணாக வேண்டியதில்லை. ஒட்டாமல் அப்படியே தரையில் போட்டுக் கொடுங்கள். பையன் கட்டிய பாதையை இரவில் கலைக்காமல் பலகையோடு நகர்த்திக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம், காலையில் விட்ட இடத்திலிருந்து அவன் தொடர்வான். படம் போட்ட அந்த அட்டையை மட்டும் சில மாதங்களுக்குப் பரண்மேல் எடுத்து வைத்துவிடுங்கள்.