இறக்கை எந்த எலும்பில் முளைக்கிறது?

அன்புள்ள அக்கா,

கோபியிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஒரு ஃபேன்டசி நாவல் தொடங்கியிருக்கிறேன். அந்தியூரிலிருந்து பர்கூர் ஏறும் மலையில் கதை நடக்கிறது. அதில் ஒரு டிராகன் வருகிறது. அதற்கு இரண்டு கால், இரண்டு இறக்கை. படித்த நண்பன், "இது டிராகனே இல்லை, வைவர்ன். டிராகன் என்றால் நாலு கால் இருக்கணும்" என்கிறான். சீன டிராகனுக்கு இறக்கையே இல்லையே என்கிறாள் ஒரு தோழி. தமிழில் எழுதுகிறவனுக்கு டிராகன் எதற்கு, யாளி என்று மாற்றிவிடு என்று இன்னொரு யோசனையும் வந்தது. எந்த உடல் சரி? இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். டிராகன் வரும் இரவை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கட்டுத்தரையில் மாடுகள் முதலில் மோப்பம் பிடித்து எழுந்து நிற்பது நேரில் பார்த்தவர் எழுதுவது போல இருக்கிறது.

நண்பர் சொல்லும் விதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். நாலு கால் என்றால் டிராகன், ரெண்டு கால் என்றால் வைவர்ன் என்பது பிரிட்டனின் குலச்சின்ன மரபில் ஊன்றிய பிரிவு. கேடயத்திலும் கொடியிலும் எதை வரைவது என்று முடிவு செய்கிறவர்களுக்கு அது தேவைப்பட்டது. வேல்ஸ் நாட்டுக் கொடியின் சிவப்பு டிராகனுக்கு நாலு கால் இருப்பது அந்த மரபில்தான். கதை எழுதுகிறவர்கள் அதற்குக் கட்டுப்பட்டதே இல்லை. டோல்கீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1937-ல் வந்த 'தி ஹாபிட்' நாவலின் ஸ்மாக்குக்கு, அவரே வரைந்த படங்களில் நாலு காலும் தனியாக இறக்கையும் உண்டு. அதே டோல்கீனின் இன்னொரு டிராகனான கிளாரங் இறக்கை இல்லாமல் தரையில் ஊர்ந்து போகிறது. ஒரே ஆசிரியர், ஒரே உலகம், ரெண்டு உடல். அப்புறம் 2013-ல் வந்த திரைப்படத்தில் ஸ்மாக்கின் முன்னங்கால்களையே இறக்கையாக மாற்றிவிட்டார்கள்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் உங்கள் பக்கம். அவருடைய டிராகன்களுக்கு ரெண்டே கால். நாலு காலோடு தனியாக இறக்கையும் கொண்ட விலங்கு இயற்கையில் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. முதுகெலும்புள்ள தரைவாழ் உயிர்கள் எல்லாம் கையும் காலுமாக நாலு உறுப்புள்ள ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. அவற்றில் சிறகடித்துப் பறந்த எல்லாமே முன்கையை விலையாகக் கொடுத்துத்தான் பறந்தன. வௌவாலின் இறக்கை நீண்ட விரல்களுக்கு இடையே விரிந்த தோல். பறவைக்குக் கையே சிறகு. டைனோசர் காலத்து டெரோசார்களுக்கு நாலாம் விரல் ஒன்று மட்டும் நீண்டு, முழு இறக்கையையும் தாங்கியது.

உங்கள் அத்தியாயத்தில் எனக்கு இடறியது இங்கேதான். முதல் அத்தியாயத்தில் இரண்டு கால் என்று எழுதிவிட்டு, இரண்டாவதில் டிராகன் "முன்னங்காலால் காளையை அமுக்கிப் பிடித்தது" என்கிறீர்கள். எந்த முன்னங்கால்? அதற்கு இருப்பது இறக்கைதான். தரையில் இறங்கிய வௌவாலைப் பார்த்திருக்கிறீர்களா? மணிக்கட்டை ஊன்றி, இறக்கையை மடித்துக்கொண்டு, முழங்கை மேலே துருத்த, இழுத்து இழுத்து நகரும். உங்கள் டிராகனும் அப்படித்தான் நடந்தாக வேண்டும். ஒன்றைக் கையால் பிடிக்கவே முடியாது. வாயால் கவ்வலாம், அல்லது பருந்து போலப் பறந்து வந்து பின்னங்காலால் தூக்கலாம். நண்பர் பிடித்த குற்றத்தை விட்டுவிடுங்கள். இதைத் திருத்துங்கள்.

நாலு காலும் வேண்டும், இறக்கையும் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி உண்டு. ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் கதைகளில் அந்தக் கிரகத்தின் விலங்குகளுக்கே ஆறு உறுப்பு. அங்கே பறக்கும் சின்னஞ்சிறு பல்லி போன்ற உயிரிலிருந்து மனிதர்கள் டிராகனை உருவாக்குகிறார்கள். டிராகனுக்கு மட்டும் இயற்கை சலுகை காட்டவில்லை, உலகமே அப்படி. எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும்.

பர்கூர் மலைக்கு இது பொருந்தாது என்பீர்கள். சரி, நம்ம மலையிலேயே பதில் இருக்கிறது. எனக்குப் பத்து வயது இருக்கும். ஆனைமலை அடிவாரத்தில் அப்புச்சியின் பாக்குத் தோப்பில், ஒரு மரத்திலிருந்து காய்ந்த சருகு போல ஏதோ சரிந்து வந்து அடுத்த மரத்தில் ஒட்டிக்கொண்டது. கிட்டே போய்ப் பார்த்தால் ஓணான். கழுத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு தோலை விசிறி போல நீட்டி நீட்டி மடக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் அது. வாலோடு சேர்த்தே சுமார் ஒரு சாண் நீளந்தான். அந்த இனத்துக்கு அறிவியலில் வைத்த பெயரே டிராகோ. நாலு காலும் அதற்கு அப்படியே இருக்கின்றன. இறக்கையைத் தாங்குவது விலா எலும்புகள். பக்கவாட்டில் நீண்ட விலாக்கள், அவற்றின் மேல் தோல், வேண்டும்போது விரித்துக்கொள்ளும், வேண்டாதபோது உடம்போடு மடக்கிக்கொள்ளும். கையை விலை கொடுக்காமல் இறக்கை வாங்கிய உயிர்!

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. விலாவால் சிறகடிக்க முடியாது. மேலிருந்து கீழே சறுக்கத்தான் முடியும். உயரம் வேண்டுமென்றால் மறுபடி மரம் ஏற வேண்டும். இதை உங்கள் டிராகனுக்குக் கொடுத்துப் பாருங்கள். மலை உச்சியிலிருந்து சத்தமே இல்லாமல் சரிந்து வருகிறது. அந்தியூர்ப் பக்கத்து வயலில் இறங்கிவிட்டால் பறந்து தப்பிக்க வழியில்லை. விடிவதற்குள் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் நாலு காலால் ஏறித்தான் வீடு போக வேண்டும். நாவலில் துரத்தலைத் தனியாக யோசிக்க வேண்டியதே இல்லை. 2010-ல் வந்த 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படம் இப்படித்தான் நிற்கிறது. வால் துடுப்பில் ஒரு பாதி போய்விடுகிறது, டிராகனால் தனியாகப் பறக்க முடியாது, பையன் செயற்கைத் துடுப்பு செய்து தருகிறான். கதை முழுக்க அந்த ஒரு உறுப்பிலிருந்து முளைத்தது.

சிறகடித்தே தீரும் டிராகன் என்றால் நெஞ்சை யோசியுங்கள். கோழிக்கறி வெட்டும்போது நெஞ்சு நடுவே கத்தி போல ஒரு எலும்பு நிற்குமே, சிறகை அசைக்கும் சதை அதில்தான் பிடித்திருக்கிறது. முன்னங்காலும் தனி இறக்கையும் உள்ள உடலுக்கு ரெண்டு ஜோடி தோள் வேண்டும், ரெண்டுக்கும் சதை வேண்டும். பல அட்டைப்படங்களில் இறக்கையை முதுகில் ஆணி அடித்து மாட்டியது போல வரைந்துவிடுகிறார்கள். கண்ணபுரம் சந்தைக்குப் போய் ஒரு காங்கேயம் காளையைப் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் பாருங்கள். தோள், திமில், முன்னங்காலில் இறங்கும் பாரம் எல்லாம் தெரியும். அந்தத் தோளுக்குப் பின்னால் இன்னொரு தோளை எங்கே வைப்பீர்கள் என்று அங்கேயே யோசியுங்கள்.

எடையும் உண்டு. உடல் எல்லாப் பக்கமும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், இறக்கையின் பரப்பு நாலு மடங்குதான் ஆகும். நாம் அறிந்த மிகப் பெரிய பறக்கும் உயிர்களில் ஒன்றான கெட்சால்கோட்லஸ் என்ற டெரோசாருக்கு இறக்கை விரிவு சுமார் 10 மீட்டர். எடை 200 முதல் 250 கிலோ இருக்கும் என்று கணிக்கிறார்கள், ஏறக்குறைய பாதிக் காங்கேயம் காளை. இதைத் தாண்ட எழுத்தாளர் பீட்டர் டிக்கின்சன் 1979-ல் ஒரு வழி சொன்னார். டிராகனின் வயிற்று அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் உண்டாகிறது, உடல் பலூன் போல எடை குறைகிறது, மிஞ்சும் வாயுவை எரித்து வெளியேற்றுவதுதான் நெருப்பு. பறப்பதையும் நெருப்பையும் ஒரே முடிச்சில் கட்டிய அழகு அது.

நெருப்பு எனக்கு எப்போதும் எங்கள் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், கோபர் கேஸை நினைவூட்டும். சாணத்திலிருந்து வரும் மீத்தேன் எவ்வளவு சேர்ந்தாலும் அம்மா தீக்குச்சி கிழிக்கும்வரை அடுப்பு எரியாது. மாடும் நாளெல்லாம் ஏப்பத்தில் மீத்தேனை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, எரிவதில்லை. ஆகவே உங்கள் டிராகனுக்கு வாயு எங்கே சேர்கிறது என்பதோடு தீக்குச்சி எங்கே இருக்கிறது என்றும் முடிவு செய்யுங்கள். மெக்காஃப்ரியின் டிராகன்கள் ஒரு வகைக் கல்லை மென்றால்தான் நெருப்பு விட முடியும். கல் தீர்ந்தால் நெருப்பும் தீர்ந்தது.

சீன டிராகன் வேறு வழியில் வந்தது. மான் கொம்பு, கெண்டைச் செதில், கழுகு நகம் என்று அதன் உடலைப் பிரித்துச் சொல்லும் பழைய மரபு உண்டு. அது மழையோடும் நீரோடும் சேர்ந்த தெய்வ உயிர், மேகத்தில் நீந்துவதற்கு இறக்கை தேவைப்படவில்லை.

யாளி விஷயத்தில் அந்த யோசனையோடு நான் ஒத்துப்போகவில்லை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கோ பேரூருக்கோ போய்த் தூணில் இருக்கும் யாளிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முகம் எங்கே முடிகிறது, சிங்க உடல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடிப் பாருங்கள். பிடரிச் சுருளும் கழுத்தணியும் ஒட்டும் இடத்தை மூடியிருக்கும், அந்த இடத்தில்தான் சிற்பி அதிகம் உழைத்திருப்பார். அது நெருப்புக் கக்காது, பறக்காது. அகநானூற்றில் வரும் ஆளி, யானையின் கொம்பைப் பறித்து உள்ளே இருக்கும் குருத்தைத் தின்கிறது. யானையையே இரையாகக் கொண்ட ஒரு உயிரை, பறந்து வந்து மாடு தூக்கும் டிராகனுக்கு வெறும் பெயர் மாற்றமாக வைப்பது இரண்டுக்கும் செய்யும் அநியாயம். யாளி வேண்டும் என்றால் யானை நடமாடும் காட்டில் யாளிக்கென்று வேறு கதை எழுதுங்கள், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன். இந்தக் கதை டிராகனுடையது.

திருத்தியதும் முழு அத்தியாயம் அனுப்ப வேண்டாம். அது வயலில் இறங்கியதிலிருந்து பத்து அடி நடக்கும் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது, அப்போது இறக்கை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா