கிறிஸ்துமஸ் அன்று வேற்று மத நண்பர்கள், உறவினர்களிடம் என் விசுவாசத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். அவருடைய சொந்தத்திலும் வேலை இடத்திலும் பெரும்பாலும் இந்துக்கள், சிலர் இஸ்லாமியர்கள். கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். அன்றைக்காவது இயேசுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது, சொன்னால் உறவு கெட்டுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

நான் கெடுத்துப் பார்த்தவன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

பிறந்து வளர்ந்தது காசிமேடு. எங்கள் அம்மா கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வியாசர்பாடியில் இருக்கிறார். வருஷம் தவறாமல் சபரிமலைக்குப் போகிறவர். கார்த்திகையில் மாலை போட்டால் மகரஜோதி பார்த்துவிட்டு வந்துதான் கழற்றுவார். அதனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமா கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையும் வெறுங்காலுமாகத்தான் எங்கள் வீட்டுப் படி ஏறுவார். அந்த நாட்களில் அம்மா தன் கூடப்பிறந்த தம்பியை "வா சாமி, உக்காரு சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கென்று இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள் பரண்மேல் துணியில் சுற்றி இருக்கும். 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்ததும் அம்மா குளித்துவிட்டு, கறி வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பாத்திரங்களில் சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல், சேமியா பாயசம் செய்து முடித்துவிடுவார். மாமா பதினொரு மணிக்கு வந்து வாழை இலையில் சாப்பிடுவார். அதன் பிறகுதான் பிரியாணி அடுப்பில் ஏறும். சபையில் ஒருவர் "அய்யப்ப பக்தனுக்கு விரதச் சமையலா?" என்று கேட்டபோது அம்மா சொன்ன பதில்: "என் தம்பி பசியோட போகணுமா?"

2004இல் எனக்கு 21 வயது. அப்போதுதான் ஒரு வாலிபர் கூட்டத்தில் சேர்ந்திருந்தேன். கிறிஸ்துமஸுக்குள் பத்துப் பேருக்காவது சாட்சி சொல்ல வேண்டும், அதாவது இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு இலக்கு. ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். பத்தாவது ஆள் எங்கள் வீட்டுக் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

கைப்பிரதியை, அதாவது பிரச்சாரத் துண்டுத்தாளை, மாமா கையில் கொடுத்தேன். சாப்பிடுகிற கை இல்லை, இடது கையில். மேலே நெருப்புப் படம், கீழே "இன்றிரவு நீ மரித்தால் எங்கே போவாய்?" என்று கொட்டை எழுத்து. மாமா அதை முழுசாகப் படித்தார். நாலாக மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பாயசம் அப்படியே இருந்தது. இலையை மூடக்கூட இல்லை, எழுந்து கை கழுவிக்கொண்டு, "வரேன்க்கா" என்று கிளம்பிவிட்டார். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வெகு நேரம் வரவில்லை.

மறுநாள் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கடல் உள்ளே வந்துவிட்டது என்ற சத்தம், தெருவே மேற்குப் பக்கம் ஓடுகிறது. நாங்களும் ஓடினோம். போன் எதுவும் வேலை செய்யவில்லை. கல்மண்டபம் பக்கம் ஒரு கடை வாசலில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தபோது, அத்தனை கூட்டத்துக்கும் எதிர்த்திசையில், கடலைப் பார்த்து ஒரு டிவிஎஸ் பிப்டி வந்தது. கறுப்பு வேட்டி, வெறுங்கால். "எங்கக்கா காசிமேட்டுல இருக்காங்க, உட்ருங்க" என்று தடுத்தவர்களிடம் கத்திக்கொண்டே வந்தார். எங்களைப் பார்த்ததும் வண்டியைக் கீழே போட்டுவிட்டார், ஸ்டாண்டு போடவில்லை. என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டேய், சாப்ட்டியா?"

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ராயபுரம் என்ற பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். இராயப்பர் என்றால் பேதுரு, கத்தோலிக்கர்களின் பழைய தமிழில். படகுக்காரர்கள் எழுப்பிய இராயப்பர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தப் பேதுரு எழுதிய முதல் கடிதம், மூன்றாம் அதிகாரம், 15ஆம் வசனத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன், ஆனால் ரொம்ப நாள் பாதிதான் கவனித்தேன். உனக்குள் இருக்கிற நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தயாராக இரு என்கிறார். சாந்தத்தோடு சொல் என்கிறார். கேட்கிறவர்களுக்கு. என்னிடம் மாமா எதுவும் கேட்கவில்லை. பசிக்கிறது என்றுதான் உட்கார்ந்தார்.

இதைச் சொன்னால் "அப்போ யாரும் கேட்காவிட்டால் வாயே திறக்கக் கூடாதா?" என்பார்கள். திறக்கலாம். மதத்தை அறிவிக்க அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவே உரிமை கொடுத்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவரைப் பிடித்து உட்கார வைத்துப் பிரசங்கம் செய்வது வேறு கணக்கு. அவர் எழுந்து போகவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. உப்பு சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சங்கடத்தைப் பயன்படுத்திக்கொள்வது எனக்கு இப்போது அசிங்கமாகப் படுகிறது. சுனாமிக்குப் பிறகு அரிசிப் பைக்குள் கைப்பிரதி போட்ட கூட்டத்திலும் நான் இருந்தேன். ஒரு மீனவப் பாட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நாங்க தலைமுறை தலைமுறையா இராயப்பர் கோயில் புள்ளைங்கப்பா, எங்களுக்கே ஏசுவைக் காட்றியா?" என்று சிரித்தார். அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

உண்மையில் கிறிஸ்துமஸ் அன்று கேள்விகள் தானாக வரும். நாம்தான் அவசரப்பட்டு முந்திக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் அதிகம் கேள்வி கேட்க வைப்பது குடில். மாடி வீட்டு அக்கா கொலு வைப்பவர். எங்கள் குடிலில் இருந்த மாட்டுக்குக் கொம்பு உடைந்த வருஷம், தன் கொலுப் பெட்டியிலிருந்து ஒரு பசுவும் கன்றும் எடுத்துவந்து கொடுத்தார். இன்றைக்கும் எங்கள் பெத்லகேமில் நிற்பது அந்தப் பண்ருட்டிப் பசுதான், நெற்றியில் குங்குமப் பொட்டோடு. பெயின்டை உரிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த அக்காவின் பேரன் வருஷா வருஷம் குடில் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, "ஏன் பாப்பாவை வைக்கோல்ல போட்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்பான். இதைவிடவா வாய்ப்பு வேண்டும்?

ஆனால் பதில் சொல்லும்போது பாஷையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் சபைத் தமிழ் வெளியில் யாருக்கும் புரியாது. "முன்னணை" என்றால் அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? "மாடு தவிடு தின்கிற தொட்டி" என்றேன், முகம் மாறியது. சத்திரத்தில் இடமில்லை என்பதை, வாடகைக்கு வீடு தேடி அலைந்த எவருக்கும் விளக்கவே வேண்டாம். மேய்ப்பர்கள் என்றால் ராத்திரி வேலைக்காரர்கள். எண்ணூர் சாலையில் விடிய விடிய வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி டிரைவர், ரெண்டு மணிக்கு மீன் ஏலத்துக்குக் கூடை தூக்கும் அம்மா, இந்த மாதிரி ஆட்களிடம்தான் முதலில் அந்தச் செய்தி சொல்லப்பட்டது என்று சொல்லிப் பாருங்கள். இரட்சிப்பு, அபிஷேகம், ஜெயங்கொண்ட ஜீவியம் எல்லாம் அப்புறம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் முக்கியம். ஆபீஸில் கட்டாயம் வரும் கேள்வி: "உங்க ஏசு நிஜமாவே 25ந்தேதிதான் பிறந்தாரா?" பைபிளில் தேதி கிடையாது. ரோமில் டிசம்பர் 25ஐக் கொண்டாடியதற்கு 336ஆம் ஆண்டிலிருந்து குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்தவர்களை மூன்று ராஜாக்கள் என்கிறோமே, மத்தேயு சுவிசேஷம் எண்ணிக்கையே சொல்லவில்லை. சாஸ்திரிகள் என்றுதான் இருக்கிறது. காணிக்கை மூன்று, அதை வைத்து ஆளையும் மூன்றாக்கிவிட்டோம். இதை நானே ஒப்புக்கொண்டபோது, வழக்கமாக மடக்கப் பார்க்கும் நண்பன் ஒருவன், "சரி, அப்போ உனக்கு எது உறுதி?" என்று கேட்டான். அரை மணி நேரம் டீக்கடையில் பேசினோம்.

இஸ்லாமிய நண்பர்களிடம் இன்னும் கவனம். தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு பள்ளித் தோழன். அவனுக்காக ஹலால் கடையில்தான் கறி வாங்குவேன், அவன் கேக்கில் ரம் இல்லாமல் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை மரியாளைப் பற்றிப் பெரிய விஷயம் சொல்வதுபோல் ஆரம்பித்தேன். குர்ஆனில் 19ஆவது அத்தியாயமே மர்யம் என்று அவன் ஆரம்பித்து, பேரீச்ச மரத்தடியில் அவர் பிரசவ வேதனைப்பட்டது வரைக்கும் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். சிலுவை என்று வந்தபோதுதான் நாங்கள் கருத்தில் பிரிந்தோம். அதையும் இரண்டு பேரும் மறைக்கவில்லை.

மறைக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "எல்லா சாமியும் ஒண்ணுதான்" என்று சொல்லித் தப்பிக்கிற கிறிஸ்தவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அப்படி நம்பிக்கை இல்லை, அதனால் அப்படிச் சொல்வதும் இல்லை. நேராகக் கேட்டால் நேராகச் சொல்வேன்: எனக்கு இயேசு மட்டும்தான். இதைச் சொல்வதால் யாரும் கோபப்பட்டு எழுந்து போனதில்லை. கேட்காதபோது நெருப்புப் படம் நீட்டியதற்குத்தான் போனார்கள்.

பிரசாதம் இதில் பெரிய முள். ஆயுத பூஜைப் பொரியை வாங்க மாட்டோம், ஆனால் நம் கேக்கை அவர்கள் வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். சிலர் வாங்கிக்கொண்டு தெரு முனையில் குப்பையில் போடுகிறார்கள். அதற்கு வாங்காமலே இருக்கலாம். எங்கள் அம்மா மாடி வீட்டு அக்காவிடம் ஆரம்பத்திலேயே, "படைச்சதை நான் சாப்பிட மாட்டேன், தப்பா நினைச்சுக்காதேம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, அன்றிலிருந்து சுண்டலைப் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக் கொடுக்கிறார். "இது உனக்குத் தனியா எடுத்தது." இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கேரல் ரவுண்ட்ஸ் பற்றியும் ஒன்று. ராத்திரி ஒரு மணிக்கு டிரம்ஸும் ஸ்பீக்கருமாகத் தெருவை எழுப்பிவிட்டு "சமாதானம்" என்று பாடுவது நமக்கே சிரிப்பாக இல்லையா? ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை, சட்டமே அதுதான். மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் விடியற்காலையில் அலறுகிறது என்று குறைப்படுகிறவர்கள், நம் ஸ்பீக்கரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் வாலிபர்கள் இப்போது ஒன்பதரைக்குள் முடிக்கிறார்கள். கிடார் மட்டும். மாடி வீட்டு அக்கா தன் வாசலிலும் நின்று ஒரு பாட்டுப் பாடச் சொல்வார், முறுக்கு கொடுப்பார்.

மாமா விஷயம். சுனாமிக்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கு நானே வியாசர்பாடி போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன். "போடா, அன்னிக்கே மறந்துட்டேன்" என்றார், மறக்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

போன கிறிஸ்துமஸ். இலையில் பாயசம் முடித்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டே கேட்டார்: "டேய், அன்னிக்கு ஒரு பேப்பர் குடுத்தியே. அதுல பின்னாடி என்னமோ நிறைய போட்டிருந்தது. என்னதான்டா சொல்ல வந்தே?"

"அதை விடுங்க மாமா, அது எனக்கே ஞாபகம் இல்ல."

"சரி, பேப்பர் வாணாம். உன் வாயால சொல்லு. ஏன் நீயும் உங்கம்மாவும் இப்படி அந்த ஆளைப் புடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கீழே உட்கார்ந்து, அப்பா இறந்த வருஷம் எனக்கு என்ன ஆயிற்று என்பதிலிருந்து ஆரம்பித்தேன். மாமா இலை முன்னாலிருந்து எழவில்லை, கை காய்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி சொல்லியிருப்பேன், அவர் போன் அடித்தது. குருசாமி. இருமுடி கட்டுகிற தேதியை மாற்றிவிட்டார்களாம், உடனே வரச் சொன்னார். மாமா அவசரமாக இலையை மூடிவிட்டு எழுந்தார், வாசலில் திரும்பி, "மிச்சத்தை அப்புறம் சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மிச்சம் இன்னும் பாக்கி இருக்கிறது.